மாத்திரை கேட்காத மனச்சோர்வு: இரண்டாவது மருந்துக்கு அப்புறம் என்ன?

மனச்சோர்வுக்கு எழுதித் தரப்படும் முதல் மாத்திரை ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் முழுக் குணம் தருகிறது. இது நம் ஊர் வைத்தியத்தின் குறை இல்லை. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வு 2006-ல் வெளியானபோது தெரியவந்த கணக்கு இது. நாலாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, முதல் மருந்து கேட்காதவர்களுக்கு இரண்டாவது, அதுவும் கேட்காதவர்களுக்கு மூன்றாவது, அப்புறம் நான்காவது என்று படிப்படியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் படியில் 37 சதவீதம் பேர் குணமானார்கள், இரண்டாவதில் 31. மூன்றாவது படிக்கு வந்ததும் சட்டென்று 14-க்கு இறங்கியது; நான்காவதில் 13. நான்கு படியும் ஏறினால் மொத்தத்தில் மூன்றில் இருவர் தேறுவார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். 2023-ல் வேறு சில ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, ஆய்வு தொடங்கும்போது எழுதி வைத்த விதிப்படியே திரும்பக் கணக்குப் போட்டதில் அது 35 சதவீதம்தான் வந்தது.

எந்தக் கணக்கை நம்பினாலும் ஒன்று நிச்சயம். இரண்டு மருந்து கேட்கவில்லை என்றால், அதே மாதிரி மூன்றாவது மாத்திரையை மட்டும் மாற்றிப் பார்ப்பதில் பெரிதாகப் பலன் இல்லை. அதனால்தான் மருத்துவ உலகம் கோட்டை அங்கே போட்டிருக்கிறது: சரியான அளவில், போதுமான நாளுக்கு, இரண்டு மருந்துகள் கொடுத்தும் கேட்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, நல்ல பலன் தரும் சிகிச்சைகளே இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில், ஈரோட்டிலும் திருப்பூரிலும் நாமக்கல்லிலும், "எனக்கு எந்த மருந்தும் கேக்கலீங்க" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் அந்தக் கோட்டை இன்னும் தொடவே இல்லை என்பதுதான் என் எண்ணம். தொட்டவர்களுக்கோ, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. இரண்டுமே சரிசெய்யக் கூடியவை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மஞ்சப்பைக்குள் இருக்கும் சீட்டுகள்

அந்தியூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு தனி மனுஷியின் கதை இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய பல கதைகளின் பொதுவான உருவம். நாலு வருஷமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்குவதில்லை, மாட்டுக்குத் தீவனம் போடக்கூட மனசு வருவதில்லை. முதலில் வயிற்றுக்கோளாறு என்று எண்டோஸ்கோப்பி, அப்புறம் தலைவலிக்கு ஸ்கேன். எல்லாம் நார்மல். ஒறம்பரை யாரோ சொல்லி பவானியில் ஒரு டாக்டர், மருமகன் சொல்லி ஈரோட்டில் ஒருவர், மகன் லீவில் வந்தபோது கோயமுத்தூரில் ஒருவர். நடுவில் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. வீட்டில் ஒரு மஞ்சப்பை நிறைய மருந்துச் சீட்டு.

அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? அனேகமாக எல்லாச் சீட்டிலும் ஒரே மாத்திரைதான், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு வேறு: எஸ்சிட்டலோப்ராம் 5 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்தது, ராத்திரி ஒன்று. இந்தக் கூட்டு மாத்திரை இந்தியாவில் ஏராளமாக விற்கிறது. இதில் எஸ்சிட்டலோப்ராம்தான் மனச்சோர்வுக்கான மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 10 முதல் 20 மில்லிகிராம் வரை. ஐந்து என்பது உடம்பு பழகுவதற்காக முதல் சில நாட்களுக்குக் கொடுப்பது. குளோனசிபாம் பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும். மனச்சோர்வைத் தீர்க்காது, நாள்பட்டால் பழக்கமாகிவிடும். ஆக அந்த அம்மா மூன்று டாக்டரைப் பார்த்தும் ஒரே மருந்தின் தொடக்க அளவைத்தான் மூன்று முறை சாப்பிட்டிருக்கிறார். ஆயிரம் அடியில் தண்ணி இருக்கிற காட்டில் இருநூறு அடியோடு போர் போடும் ரிக்கை நிறுத்திவிட்டு, அடுத்த மூலையில் போய் மறுபடியும் இருநூறு அடி போட்ட மாதிரி. மூன்று குழி இருக்கும், தண்ணி இருக்காது.

டாக்டர்களை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் பத்து நாளில் வரச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். அப்போதுதான் அளவைக் கூட்ட முடியும். அந்தப் பத்து நாளில் வாய் உலர்ந்தது, குமட்டியது, பகலில் அசந்துவந்தது, "இது ஒத்துக்கலீங்க" என்று ஆள் மாறிவிட்டார்கள். மனச்சோர்வு மருந்துகளின் தொந்தரவு முதல் வாரத்திலேயே வரும், பலன் வர இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும் என்பதை முதல் நாளே யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தாக்குப்பிடித்திருப்பார்கள். விசைத்தறி ஓட்டுகிறவருக்கு அசதி என்பது கை போகிற விஷயம். அவர் பயந்து நிறுத்தினால் அதில் நியாயம் இருக்கிறது; மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றித் தரலாம், தூக்கம் வராத வேறு மருந்து தரலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். தாம்பத்தியத்தில் வரும் சிக்கலை ஆண்களும் பெண்களும் வாய் திறந்து சொல்வதே இல்லை, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் மாற்று மருந்து உண்டு. ஆனால் சொன்னால்தானே தெரியும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வேன் என்றால், அது ஒரு நோட்டுப் போடுவது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி தொடங்கியது, எந்தத் தேதி நிறுத்தியது, ஏன் நிறுத்தியது. ஒரு பக்கம் போதும். புது டாக்டர் அதைப் பார்த்த நிமிஷமே முதல் படியிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். காசு செலவில்லாத இந்தக் காரியம் பல பேருக்கு ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தும்.

வேறு நோய் ஒளிந்திருக்கிறதா

சரி, அளவும் நாளும் சரியாக இருந்தும் கேட்கவில்லை. அடுத்த கேள்வி: இது வெறும் மனச்சோர்வுதானா? தைராய்டு சுரப்பு குறைந்தால் இதே அசதி, இதே மந்தம் வரும். ரத்தசோகையும் அப்படித்தான். கவிச்சி தொடாத வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு பி12 குறைவு ஏற்பட வாய்ப்பு அதிகம், அதுவும் மனசை அழுத்தும். ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் காலையில் தெளிவு இருக்காது. மூட்டுவலிக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ நாள்பட்டு எடுக்கும் ஸ்டீராய்டும் மனநிலையைக் கெடுக்கும். வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் சில சமயம் மனச்சோர்வின் முகத்தோடுதான் முதலில் வரும். பெரும்பாலானவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் டாக்டரின் விசாரணையிலும் கண்டுபிடித்துவிடலாம். தினமும் குடிக்கிறவருக்கோ, குடி நிற்காதவரை மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

ஆனால் இந்த வரிசையில் மிக முக்கியமானதும், நம் நாட்டில் மிக எளிதாகக் கண்ணில் படாமல் போவதும் இருதுருவ மனநிலைக் கோளாறு. இந்த நோயில் மனசு ஒரு பருவத்தில் அடியாழத்துக்குப் போகும், இன்னொரு பருவத்தில் உச்சிக்கு ஏறும். உச்சி அளவுக்கு மீறிப் போனால் ஊருக்கே தெரியும். லேசாக ஏறினால்? ராத்திரி மூணு மணி நேரம் தூங்கி, நாலு மிஷினைக் கடனில் வாங்கிப் போட்டு, புதுசாக ஒரு டையிங் யூனிட் ஆரம்பித்து, பேச்சும் போனும் ஓயாமல், அசதியே தெரியாமல் ஓடுகிற மனுஷனைப் பார்த்து நம் ஊரில் என்ன சொல்வோம்? "உழைப்பாளிங்க, சூட்டிகையான ஆளு" என்போம். ஆறு மாதம் கழித்து அவரே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். டாக்டரிடம் போவது அப்போதுதான். சொல்வதும் அப்போதைய கதையைத்தான். அவருக்கும் மனச்சோர்வு மாத்திரையே கிடைக்கும், சரியாகக் கேட்காது, சில சமயம் திரும்பவும் உச்சிக்குத் தூக்கிவிடும். இந்த நோய்க்கு லித்தியம், குவெட்டியாபின், லாமோட்ரிஜின் என்று வேறு மருந்துகள். வீட்டுக்காரம்மாவோ அண்ணனோ கூடப் போய், "முன்னாடி ஒரு தடவை இப்படி ஓட்டமா ஓடினாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் சிகிச்சையே மாறிவிடும். தொழில் தொடங்குவதைப் பெருமையாக எண்ணும் மண் இது; அதனாலேயே இந்தக் கேள்வியை நாம் மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்டாக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மீட்டர் வட்டிக்காரன் தினமும் வாசலில் வந்து நிற்கும் வீட்டிலும், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் இருக்கும் வீட்டிலும் மாத்திரைக்கு எல்லை உண்டு. மருந்து தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அடி விழுவதும் கடன்காரன் வருவதும் டாக்டரின் சீட்டில் ஏறவேண்டிய விவரங்கள் என்கிறேன்.

மருந்தோடு மருந்து

இரண்டு மருந்தும் உண்மையாகவே தோற்றுவிட்டால் டாக்டர்கள் பெரும்பாலும் செய்வது, ஓரளவாவது பலன் தந்த மருந்தை விடாமல் அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது. அரிப்பிப்ரசோல், குவெட்டியாபின் போன்றவற்றைச் சின்ன அளவில் சேர்ப்பார்கள். மருந்துக்கடைக்காரர் இதைப் பார்த்து "இது மனச்சிதைவுக்குத் தர்றதாச்சே" என்று சொல்லிவிட, வீடே பயந்துபோய் நிறுத்திவிடுவது உண்டு. அதே மருந்து அந்த நோய்க்கு வேறு அளவில் தரப்படுகிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, தோட்டத்தில் தனியாக இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இது முக்கியமான தகவல். அறுபது வயதைக் கடந்து, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. இருக்கும் மருந்தோடு அரிப்பிப்ரசோலைச் சேர்த்தவர்களில் சுமார் 29 சதவீதம் பேரும், பியூப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தவர்களில் 28 சதவீதம் பேரும் முழுமையாகத் தேறினார்கள். பழைய மருந்தை நிறுத்திவிட்டு பியூப்ரோபியானுக்கு மாறியவர்களில் 19 சதவீதம் பேர். ஆனால் பியூப்ரோபியான் சேர்த்தவர்கள்தான் அதிகம் தடுமாறி விழுந்தார்கள். தனியாக இருக்கிற பெரியவருக்கு ஒரு தடவை கீழே விழுவது என்பது என்னவென்று நமக்குத் தெரியும். பலன் சமமாக இருக்கும்போது விழவைக்காத மருந்தே மேல்.

லித்தியம் பழைய மருந்து. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பயனை எழுதினார். விலை மலிவு, எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்வதில்லை, அதனாலேயே கொஞ்சம் மறக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மனச்சோர்வு மருந்தோடு இதைச் சேர்ப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். பொதுவாக 0.6 முதல் 0.8 வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு, வயதானவர்களுக்கு அதற்கும் கீழேயே தொல்லை தொடங்கிவிடும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நம் ஊருக்கென்று இதில் தனிக் கவனம் உண்டு. ஏப்ரல், மே வெயிலில் கரூரிலும் ஈரோட்டிலும் வேர்த்து ஊற்ற வேலை செய்துவிட்டுத் தண்ணி குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். பேதியானாலும் ஏறும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் மாத்திரைகளும் ஏற்றிவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படியே. கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெருந்துறை பஸ்ஸில் இன்றும் சானடோரியம் என்று சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறோம். காசநோய்க்காரர்களுக்காக இருந்த அந்த இடத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளின் வரலாறே இப்படி ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் இப்ரோனியசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேசி வார்டில் ஆட ஆரம்பித்தார்கள். அதைக் கவனித்துத்தான் மனசுக்கும் மருந்து இருக்க முடியும் என்று புரிந்துகொண்டார்கள். அதற்கு முன் மனச்சோர்வைப் பலவீனம் என்றும் சோம்பல் என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

பேச்சு சிகிச்சை மாத்திரைக்குப் போட்டி இல்லை, துணை. பிரிட்டனில் மருந்து கேட்காத 469 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. மருந்தோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) பெற்றவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேருக்கு நோய் பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தது; வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களில் 22 சதவீதம். இரண்டு மடங்கு! ஆனால் கோபியிலோ தாராபுரத்திலோ அப்படிப் பயிற்சி பெற்ற உளவியலாளரை எங்கே தேடுவது? கோவாவில் செய்த காரியம் இங்கே யோசிக்க வேண்டியது. படிப்பால் உளவியலாளர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். தினமும் செய்யக்கூடிய சின்னச் சின்னக் காரியங்களைத் திட்டமிட்டுச் செய்ய வைப்பதுதான் அதன் அடிப்படை. 2017-ல் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். அந்த உதவி கிடைக்காதவர்களில் 39 சதவீதம். மருந்துக்குக் கட்டுப்படாதவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு இல்லை அது. ஆனாலும் ஆள் இல்லை என்று கையை விரிக்க வேண்டியதில்லை என்று காட்டுகிறது. ஊர் ஊராகச் செவிலியர்களும் சுய உதவிக் குழுக்களும் இருக்கிற தமிழ்நாட்டில் இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கரண்ட் வைப்பது

"ஷாக் குடுத்துருவாங்களாம்" என்ற பயத்திலேயே மனநல டாக்டர் பக்கம் போகாதவர்கள் உண்டு. கை காலைக் கட்டிப்போட்டு, ஆள் கத்தக் கத்தக் கரண்ட் வைப்பதாகத்தான் சினிமாக்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. மின்னதிர்வு சிகிச்சை என்பது இதன் பெயர்; உண்மையில் நடப்பது வேறு.

முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. காலையில் பிரஷர், இதயத்துடிப்பு, ஆக்சிஜன் பார்க்கும் ஒயர்களை மாட்டுவார்கள். மயக்க டாக்டர் கையில் ஊசி போடுவார். பத்து இருபது எண்ணுவதற்குள் தூக்கம். அப்புறம் தசைகளைத் தளர்த்தும் மருந்து. பல்லுக்கிடையில் ரப்பர் கட்டை. நெற்றிப்பொட்டில் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் செலுத்துவார்கள். அதனால் மூளைக்குள் ஒரு வலிப்பு உண்டாகும், அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை. தசைகள் தளர்ந்திருப்பதால் உடம்பு தூக்கிப் போடாது. முகமும் கால் விரலும் லேசாகத் துடிக்கும். கால் மணி, அரை மணியில் கண் திறந்து "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் இடம் காலம் குழம்பும், தலை வலிக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை.

1938-ல் ரோமில் தொடங்கிய சிகிச்சை இது. அந்தக் காலத்தில் மயக்கம் இல்லாமல் செய்தார்கள் என்பதும், அது கொடுமையாக இருந்தது என்பதும் உண்மை. இந்தியாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்வதைத் தடை செய்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

கடுமையான மனச்சோர்வுக்கு இன்றைக்கு வரை இதைவிடப் பலமான சிகிச்சை குறைவு. பல மருந்துகள் தோற்றவர்களில்கூடப் பாதிப் பேருக்குக் கேட்கிறது. அன்னம் தண்ணி எடுக்காமல் கிடப்பவர்கள், தான் செத்துவிட்டதாகவோ பெரும் பாவம் செய்துவிட்டதாகவோ நம்புகிறவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளத் துடிப்பவர்கள், பிரசவத்துக்குப் பின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாய்மார்கள், இவர்களுக்கெல்லாம் ஆறு வாரம் மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க நேரம் இல்லை. கடைசிக் கட்டமாக இல்லாமல் முதலிலேயே இதை யோசிக்க வேண்டியவர்கள் அவர்கள். உயிராபத்து ஒரு லட்சம் முறைக்குச் சுமார் இரண்டு என்ற அளவில்தான்.

நினைவு பாதிப்பைப் பூசி மெழுகக் கூடாது. சிகிச்சை நடக்கும் வாரங்களின் நினைவு பெரும்பாலும் மங்கிவிடும். புதுசாக ஒன்றை மனசில் வாங்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களின், அரிதாக வருஷங்களின், சில நிகழ்ச்சிகள் நிரந்தரமாகவே போய்விடுவதுண்டு. ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் வைக்கும் முறையில் இந்தப் பாதிப்பு குறைவு. கேட்டு, தெரிந்துகொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுவது நோயாளியின் உரிமை.

காந்தமும் கெட்டமினும்

காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு மயக்க மருந்து வேண்டாம். நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியின் இடப்பக்கம் ஒரு சுருளை வைத்து, டக் டக்கென்று காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். அமெரிக்காவில் 2008 முதல் மனச்சோர்வுக்கு அனுமதி. தலையில் கொத்துகிற மாதிரி உணர்வும் கொஞ்சம் தலைவலியும்தான் பொதுவான தொந்தரவு. வலிப்பு நோய் உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் வைத்தவர்களும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இதன் சிக்கல் தூரம்தான். வாரத்துக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போக வேண்டும். காங்கயத்திலிருந்து தினமும் கோயமுத்தூர் போய்வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். கனடாவில் 414 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், முப்பத்தேழரை நிமிஷம் எடுக்கும் பழைய முறைக்கு மூன்று நிமிஷத்தில் முடியும் புது முறை எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஒரே இயந்திரத்தில் ஒரு நாளைக்குப் பல மடங்கு பேரைப் பார்க்கலாம் என்பதால், மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது இதை வைப்பது இனி நடக்க முடியாத காரியம் இல்லை.

கெட்டமின் 1962-ல் கண்டுபிடிக்கப்பட்ட மயக்க மருந்து. சாதாரண ஆபரேஷன் தியேட்டர்களில் இருப்பதுதான். மயக்க அளவை விடக் குறைவாக, நாற்பது நிமிஷம் ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது மனச்சோர்வு வாரக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் இறங்குவதை 2000-ல் ஒரு சின்ன ஆய்வு காட்டியது. இதன் மூக்கு ஸ்பிரே வடிவத்துக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2023-ல் 403 பேரைச் சேர்த்த ஓர் ஆய்வில், மனப்பிரமைகள் இல்லாத கட்டுப்படாத மனச்சோர்வுக்கு கெட்டமின் 55 சதவீதம் பேருக்கும் மின்னதிர்வு சிகிச்சை 41 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள் அவர்கள். வார்டில் கடுமையாகக் கிடப்பவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஒரு தடவை ஏற்றிய பலன் சில நாட்களிலேயே கரைந்துவிடும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் பிரஷர் ஏறும், உடம்பை விட்டு வெளியே போன மாதிரி ஒரு மிதப்பு வரும். போதைக்காகவும் பயன்படுத்தப்படும் பொருள் என்பதால் பிரஷர் பார்க்கவும் அவசரத்துக்கு மூச்சுக்குழாயைக் கவனிக்கவும் ஆள் உள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கோவையிலும் சேலத்திலும் பெருந்துறையிலும் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள், மனநோய்க்கு உடல்நோய்க்குச் சமமாகப் பணம் தரவேண்டும் என்று 2017 சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தாமதிக்க வேண்டாம்.

மருந்து கேட்காத நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். தோட்டத்து வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்து வைப்பது உண்மையிலேயே உயிர் காக்கும் காரியம். மாத்திரைகளையும் மொத்தமாகக் கையில் கொடுக்காமல் வீட்டில் வேறு ஒருவர் வைத்துக்கொள்ளலாம். "சாகணும்னு தோணுதா சாமி?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதுசாக வந்துவிடாது, கேட்டவரிடம் மனசு திறக்கும்.

கயிறு கட்டுவதையும் கோயிலுக்குப் போவதையும் நான் தடுக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

குணமான பிறகு வரும் மாதங்கள் இந்த நோயில் தனிச் சிக்கல். மின்னதிர்வு சிகிச்சையில் தேறியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதன்பின் மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களில் 60 சதவீதம், அதோடு லித்தியமும் எடுத்தவர்களில் 39. ஆகவே கரண்ட் வைக்கச் சம்மதிக்கும் நாளிலேயே, முடிந்தபின் எந்த மருந்து, எத்தனை மாதம், எப்போது ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மாதம் ஒருமுறை தொடர்ந்து கரண்ட் வைக்க வேண்டி வருமா என்பதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கு மருந்தை இரண்டு வருஷமாவது தொடரச் சொல்வார்கள். குறைப்பதென்றால் டாக்டரின் கணக்குப்படி, வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. பொண்ணு கல்யாணமும் மஞ்சள் வெட்டும் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்து.